வசனம் கேட்கக் கூடாத விருந்தினர்

1. வேனுக்குள் மாமி

"செல்வி, நீ தமிழ்தானே? உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். வேற யாருக்கும் தெரியப்படாது."

வேனிட்டி வேனுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு மாமி இப்படி ஆரம்பித்தபோது, மும்பை சயானில் ஏற்றிய பஸ்ஸிலிருந்து ஆடியன்ஸ் இறங்கி செட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஷூட்டுக்கு அதிக நேரம் இல்லை.

நான் இந்தி காமெடி ஷோக்களில் செட்டை நடத்துகிற ஃப்ளோர் மேனேஜர். தாராவியில் பிறந்து, முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்து, எப்படியோ இந்தத் தொழிலில் வந்து விழுந்து தலையும் நரைத்துவிட்டது. யூனிட்டில் எல்லாருக்கும் நான் அக்கா. எங்கள் ஷோவுக்கு ஸ்கிரிப்ட் கிடையாது. ஆங்கர் ஒரு சிச்சுவேஷன் சொல்வான், காமெடியன்கள் நின்ற இடத்திலேயே இட்டுக்கட்டி நடிப்பார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பிரபலம் வந்து அவர்களோடு சேர்ந்து நடிக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஜாலி. வருகிறவர்களுக்குத்தான் பயம். திரையில் ஒரு கும்பலையே அடித்துப் போடும் ஹீரோ, எங்கள் செட்டில் என் பின்னாலேயே வந்து "நான் என்ன பேசணும், எழுதியாவது குடுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார். பாவமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு வந்தவரை வெங்கட் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் அதுவல்ல. மாட்டுங்காவில் வளர்ந்து, இந்திப் படங்களில் வில்லனாகக் கொடிகட்டிப் பறந்தவர். அவருடைய ஒரு வசனம் பட்டிதொட்டியெல்லாம் பிரபலம். "கதவைத் தட்டிட்டுத்தான் வருவேன். நீ திறக்கிற வரைக்கும் நிக்க மாட்டேன்." எங்கள் தெருவில் கடன் கேட்க வருகிறவன்கூட அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவான். மாமி அவருடைய மனைவி. மாமியிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மாமி சொன்ன விஷயம் இதுதான். சாருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. கடைசியாகப் போன சீரியலில் இரண்டு வரி வசனம் மனதில் நிற்காமல், டேக் மேல் டேக் போய், பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஜுரம்னு சொல்லி வெச்சிருக்கேன். நெஜம் வெளிய தெரிஞ்சா இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டா. வேலை இல்லாம ஆத்துல உக்காந்தா மனுஷர் ஒடஞ்சு போயிடுவார்."

எங்கள் ஷோவில் மனப்பாடம் எதுவும் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் மாமி சம்மதித்திருக்கிறார். ஆனால் மேக்கப் அறைச் சுவரில் ஒட்டியிருந்த ரன்-டவுனை, அதாவது நிகழ்ச்சி வரிசைப் பட்டியலைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றிருக்கிறது. முதல் ஐட்டமே விருந்தினரின் ஃபேமஸ் டயலாக்.

"அந்த டயலாக் அவருக்குச் சில நாள் வரும், சில நாள் வராது. அது மட்டும் வேண்டாம்மா."

"நான் பாத்துக்கிடுதேன் மாமி. நீங்க பயப்படாதீய" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

2. டைரக்டரின் பிடிவாதம்

டைரக்டர் நிகில் சின்னப் பையன், கெட்டவன் இல்லை. எங்கள் பேச்சும் பின்னால் வரும் மேடைப் பேச்சும் இந்தியில்தான், தமிழில் தருகிறேன்.

"டயலாக்கைத் தூக்கிடு நிகில். சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"அக்கா, ப்ரோமோல அதைத்தான் போட்டிருக்கோம். வில்லனைக் கூட்டிட்டு வந்து டயலாக் இல்லேன்னா சேனல்காரன் என்னை உரிச்சுடுவான். ஒரே ஒரு லைன். மெதுவா சொன்னாப் போதும், மைக் இருக்கு."

உண்மையைச் சொல்லியிருந்தால் நிகில் விட்டிருப்பான். ஆனால் அவன் ஒருத்தனிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், எங்கள் தொழில் அப்படி.

திரும்ப மாமியிடம் ஓடினேன். சார் அந்தக் காலத்திலிருந்தே இந்தி வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துத்தான் படிப்பாராம். எனக்கு உயிர் வந்தது. ஒரு சார்ட் அட்டையில் மார்க்கரால் அந்த வரியைத் தமிழ் எழுத்தில் பெரிது பெரிதாக எழுதினேன். நடுக் கேமராவுக்குக் கீழே, ஃப்ரேமில் வராத இடத்தில் அட்டையோடு உட்கார்ந்தேன்.

3. கதவைத் தட்டியவர்கள்

சார் மேடைக்கு வந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. எங்கள் மெயின் காமெடியன் பப்லு காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "சார், அந்த டயலாக்!" என்றான். ஆடியன்ஸ் கப்சிப். நான் அட்டையைத் தூக்கினேன்.

அப்போதுதான் கவனித்தேன். சாரின் மூக்குக் கண்ணாடியைக் காணோம். லைட் பட்டுப் பளபளக்கிறது என்று மேக்கப்காரர் கழற்றி வைத்துவிட்டார். சார் என் பக்கம் பார்த்தார். அட்டை தெரிகிற மாதிரியே இல்லை. ஈயர்பீஸில் நிகில், "என்ன ஆச்சு அக்கா? ஏன் நிக்கிறார்?" என்று கத்துகிறான். ஓரத்தில் நின்ற மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சார் சிரித்தார். பப்லுவிடம், "நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்றார்.

பப்லு தொண்டையைக் கனைத்துக்கொண்டு வில்லன் குரலில் சொன்னான். "கதவைத் தட்டிட்டுத்தான் வருவேன். நீ திறக்கிற வரைக்கும் நிக்க மாட்டேன்!"

சார் உடனே தோளைக் குறுக்கிக்கொண்டு, இல்லாத ஒரு கதவை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்தார். குரல் அப்படியே பயந்த வீட்டுக்காரர் குரலாக மாறிவிட்டது. "யாரு? எதுக்குப்பா தட்டறே? பெல் இருக்கோல்லியோ!"

அரங்கமே அதிர்ந்தது. பப்லு கெட்டிக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டான். "நான் வில்லன்! உள்ளே வரேன்!" என்றான்.

"வா, வா. செருப்பை வெளியில விட்டுட்டு வா."

ஆடியன்ஸிலிருந்து ஒரு காலேஜ் பெண் எழுந்து அதே வசனத்தைச் சொன்னாள். "கேஸ் சிலிண்டரா? நேத்தே புக் பண்ணினேன், இப்பதான் வரயா?" என்றார் சார். ஒரு ரிடையரான போலீஸ்காரரும் அதே வசனத்தைச் சொன்னார். "ஐயோ, நான் இல்லே, பக்கத்து வீடு!" என்று சார் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டார். வரிசையாக எழுந்தார்கள். ஒருத்தருக்குச் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லவில்லை. ஈயர்பீஸில் நிகில் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தான். நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிரேக்கில் நிகில் ஓடிவந்து, "இந்த மனுஷனை அடுத்த மாசமும் கூப்பிடணும் அக்கா, டேட் வாங்கு" என்றான்.

மேக்கப் அறைக்குப் போனேன். சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. எல்லாரும் ஒரே டயலாக்கைச் சொன்னாளே, பிரமாதமா இருந்தது. எந்தப் படம் அது?" என்று கேட்டார்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி அவர் தோளில் ஒட்டியிருந்த ஜிகினாவைத் தட்டிவிட்டபடி, "உங்க படம்தான்னா. நீங்க பேசினதுதான்" என்றார்.

"நானா?" சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே!"

அதற்குப் பிறகு நான் இருந்த ஷோக்களில் விருந்தினரைக் கேட்காமல் டயலாக் ஐட்டத்தைப் போட விட்டதில்லை. இதற்காக எத்தனையோ டைரக்டர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். பிரபலம் வந்ததும் ரன்-டவுனை நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு அவரால் எது சுலபமாக முடியும் என்று கேளுங்கள். பெரிய பெயர்தான், ஆனால் பயந்துபோய் வந்திருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

வெங்கட் சார் எங்கள் ஷோவுக்கு மறுபடியும் வந்தார், பிறகு இன்னும் பல தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்ததும் கை கூப்பி, தன் பெயரைச் சொல்லி, "நான் நடிகன்மா" என்று அறிமுகம் செய்துகொள்வார். நானும் கை கூப்பி, "என் பேரு செல்வி சார்" என்பேன்.