விமானம் சுற்றும் கடிகாரம்

ஆஸ்டின் பெரியப்பாவின் வீட்டுக்குள் நுழைவது சுலபம். வெளியே வரும்போதுதான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நிற்க வேண்டும். அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார், இடுப்பைச் சுற்றித் தடவுவார், "செருப்ப ஒதறு" என்பார். கடைசியில் முதுகில் செல்லமாக ஒரு அடி. "போங்க."

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம் மூடப்படும்வரை அவர் அங்கே சோதனைக் காவலர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தவர்கள் எல்லாரும் அவர் முன்னால் கை தூக்கி நின்றிருக்கிறார்கள், அவருடைய சொந்த அண்ணன் உட்பட. டிபன் டப்பாவின் அடியிலும் புண்ணுக்குக் கட்டிய துணிக்குள்ளும் தங்கத்தூள் கண்டுபிடித்தவர் என்று எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் அவருக்குப் பெயர். பெண்களை மட்டும் ஆண் காவலர்கள் தொடக்கூடாது என்பது அன்றைய விதி. வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டார். பெரியம்மா பாக்கியவதியும் நானும் கை தூக்கியதே இல்லை.

சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஒரு விமானக் கண்காட்சிக்குக் காவலுக்குப் போனார். அங்கே வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் நினைவுக்காக ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். முகப்பில் இறக்கை விரித்த விமானம். அதில் பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை. முதல் தபால் விமானம் ஒன்றின் நினைவாக வந்தது, ஒரு கவிஞரின் நூற்றாண்டுக்காக எண்களுக்குப் பதில் எழுத்துகள் வைத்துச் செய்தது, நாவல் ஒன்றின் பொன்விழாவுக்கு வந்தது என்று தேடித் தேடிச் சேர்த்தார். காவல் அறையில் வார இதழ் படித்து வளர்ந்தவர். விமானமும் புத்தகமும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்று கேட்டால் சொல்வார்: "பறக்கறவனையும் எழுதறவனையும் கேட்டுல நிறுத்தி சோதன போட முடியாது கண்ணு."

எதையும் அவர் கட்டிக்கொண்டதில்லை. பிளாஸ்டிக் உறையோடு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் நானும் அந்தப் பெட்டிக்கு ஒன்று அனுப்பினேன். செக் நாட்டில் ஒரு பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. விமானம் ஓட்டிக்கொண்டே கவிதை எழுதிய ஒரு பெண்ணின் நினைவாகச் செய்தது. சிறிய நீல முகப்பு, நொடி முள்ளின் நுனியில் ஒரு குட்டி விமானம், பின்மூடியில் அவள் கவிதையின் இரண்டு வரிகள். மற்றக் கடிகாரங்களைவிட அதைத்தான் பெரியப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாராம்.

இந்த மார்ச்சில் நான் திரும்பி வந்து அவர் வீட்டில் தங்கினேன். ஒரு நாள் அதைப் பார்க்க வேண்டும் என்றேன். கை கழுவிவிட்டு, மேசைமேல் துண்டு விரித்து, உறையோடு எடுத்து வைத்தார். அவர் தடுப்பதற்குள் உறையைப் பிரித்துத் திருப்பினேன். பின்மூடி வழவழவென்று மொட்டையாக இருந்தது.

"கவித எங்க பெரியப்பா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"நீ வாங்கறப்பவே இப்பிடிதான் இருந்துச்சா?"

அலைபேசியில் இருந்த பழைய படத்தைக் காட்டினேன். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்து காட்டுவது ஒரே ஒரு ஆளுக்குத்தான். ராபர்ட்சன்பேட்டையில் கடிகாரக் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன். ஞாயிறு மாலை தவறாமல் டீக்கு வருவார். பெரியப்பாவைத் தேடி வருகிற ஒரே ஆளும் அவர்தான். கை தூக்கச் சொன்ன மனிதனிடம் வேறு யார் நட்பாக இருப்பார்கள்?

"வெளிய போறப்ப ஒவ்வொரு தபாவும் பாத்தனே" என்றார் பெரியப்பா.

"மணிக்கட்டப் பாத்தீங்களா?"

"அவன் கட்டிக்கினு வர்றான், கட்டிக்கினு போறான். அத்த இன்னாத்துக்குப் பாக்கணும்?" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். போலியைக் கட்டிக்கொண்டு வந்து அசலைக் கட்டிக்கொண்டு போவதற்கு அவர் சோதனையில் இடம் இருந்தது. வெளியே போவதைப் பிடிக்கத்தான் அவருக்குத் தெரியும். உள்ளே வருவதை அவர் பார்த்ததே இல்லை.

அடுப்படியிலிருந்து பெரியம்மா, "கடியாரந்தான, போனா போவுது. அந்த மனுஷன இழுக்காதீங்க" என்றார். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். பாண்டுரங்கன் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தார். படத்தை நீட்டினேன். தேவைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி என் கைக்கு வந்ததே இல்லமா."

"பெரியப்பா காட்டலயா?"

"காட்னாரு, காட்னாரு. தெறந்து பாக்கல, அத்த சொன்னேன்." லென்ஸைக் கழற்றித் துடைத்தார். மேசையோரத்தில் ஊசி போன்ற தூரிகை ஒன்று, அதன் நுனியில் காய்ந்த நீலம். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரியப்பா அன்று சாப்பிடவில்லை.

ஞாயிறு வந்தது. பாண்டுரங்கன் டீ குடித்தார், பஜாரில் பன்றி மேய்கிற கதை சொன்னார், எழுந்து வாசலில் வழக்கம்போல் கை தூக்கினார். "சீக்கிரம் பாரு ஆஸ்டின். கடைசி பஸ்சு போயிரும், அப்பறம் உன் பக்கத்துலதான் படுக்கணும்."

பெரியப்பா சிரிக்கவில்லை. "கடியாரத்தக் கயட்டு."

"இன்னா?"

"கையில கீறத கயட்டுன்றேன். நீலக் கடியாரத்த மாத்தி வெச்சிட்டு, அசல எங்க வித்த?"

பாண்டுரங்கன் கைகளை மெதுவாக இறக்கினார். நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் கண் ஒரு கணம் அடுப்படிப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு தன் பழைய கறுப்பு வார் கடிகாரத்தைக் கழற்றிப் பெரியப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உன் கேட்டுல வேல செஞ்சவன் இல்ல நானு. என்னா நெனப்புல இத்தினி வருஷம் கை தூக்கனன்னு உனக்குத் தெரியலியே" என்றார். கடிகாரத்தைத் திரும்ப வாங்காமலே இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு டீ ஆறியது. பெரியப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "திருடன் வருவானா?" என்றார் என்னிடம்.

அந்த வாரம் பெங்களூரில் எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது. பெரியம்மா அங்கே ஒரு சிறிய நர்சிங் ஹோமில் நர்ஸ், விடியற்காலை ரயிலில் போகிறவர். சாம்பியன் ஸ்டேஷனில் அவரோடு ஏறினேன். ரயில் நகர்ந்ததும் வழக்கமாகச் செய்கிற வேலைபோல ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினார். நான் எதிரில் இருப்பதை மறந்தேவிட்டார். மணிக்கட்டில் நீல முகப்பில் குட்டி விமானம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பெரிம்மா."

அவர் ஸ்வெட்டரை இறக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

"வார்டுல போனு எடுக்கக் கூடாதுமா. நாடி பாக்கணும்னா செகண்ட் முள்ளு வேணும். பழசு நின்னுபோச்சி. ஊட்ல அத்தினி கடியாரம் ஓடாம படுத்துக் கெடக்குது, நான் கடையில போயி ஒண்ணு வாங்கணுமா? இதுதான் என் கைக்கு சரியா இருந்துச்சி. பேஷண்டுங்க விமானத்தப் பாத்துக்கினே இருப்பாங்க, கையக் குடுத்ததே தெரியாது அவங்களுக்கு."

"பெரியப்பாவக் கேட்டிருக்கலாமே."

"அவரா? ஆணி கேட்டாலே எதுக்குன்னு கேப்பாரு. பாண்டு அண்ணந்தான் பாவம்னு இதே மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்தாரு. பெட்டி தெறந்திருந்தப்ப நானே மாத்தி வெச்சேன்."

"அவர்மேல பழி விழுந்தப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பயந்தான்" என்றார். "உங்க பெரியப்பா ஒருத்தர சந்தேகப்படறத நீ இப்பதான் பாக்கற."

அன்று மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். ஸ்வெட்டரைச் சுருட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"சோதன போடுங்க. பொம்பளையத் தொடக்கூடாதுன்னு விட்டீங்களே, இப்பப் போடுங்க."

பெரியப்பா எழுந்து வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியில் இருந்த எதுவும் ஓடி அவர் பார்த்ததில்லை. காது வைத்துக் கேட்டார். பெரியம்மா நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை மணிக்கட்டை விடவில்லை.

"பாண்டு ஏன் என்னாண்ட சொல்லல?"

"சொன்னா என்னைய சோதன போடுவீங்கன்னுதான்."

மறுநாள் காலை ராபர்ட்சன்பேட்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் கூட்டம். வெங்கடம்மா என்ற பூக்காரி சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி கேட்டுக்கொண்டிருந்தார். பாண்டுரங்கன் எங்களைப் பார்த்துவிட்டுப் பேட்டரி தேடக் குனிந்தார்.

பெரியப்பா கடைக்குள் ஏறி, கல்லாவுக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் தூக்கினார்.

நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அக்குளில் சட்டை கிழிந்திருந்தது. வெங்கடம்மா, "இன்னா சாமி, போலீஸா?" என்றார். பாண்டுரங்கன் பேட்டரியைப் போட்டு, மணி சரிசெய்து, காசு வாங்கி, சில்லறையும் கொடுத்தார். பெரியப்பா அதுவரை கைகளை இறக்கவில்லை.

பிறகு பாண்டுரங்கன் எழுந்து வந்து அவர் சட்டைப் பையைத் தட்டினார். இடுப்பைத் தடவினார். "செருப்ப ஒதறு." பெரியப்பா உதறினார். அவர் கால்சட்டைப் பையிலிருந்து பாண்டுரங்கன் தன்னுடைய கறுப்பு வார் கடிகாரத்தையும் அந்தப் போலியையும் எடுத்தார்.

"ரெண்டுமே என் சரக்கு. கையும் களவுமா மாட்டிக்கின."

"ஆமா பாண்டு."

"வேற எங்கனா மறைச்சி வெச்சிக்கீறியா?"

"இல்லபா."

"உன்ன நம்ப முடியாது." மறுபடியும் ஒருமுறை, காலர் மடிப்புவரை, நிதானமாகத் தடவிப் பார்த்தார். முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். "கைய எறக்கு. ஞாயித்துக்கெழம டீயில சக்கர கம்மியா போடச் சொல்லு பாக்கியத்த."

வெளியே வந்ததும் பெரியப்பா என் தோள்பையைச் சோதனைக் காவலரின் கண்ணோடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் நிற்குமிடத்தை நோக்கி நடந்தார்.