என் காலுக்கு ஒரு தறிக்குழி

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஒரே இடத்தில் உட்காரவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் தறியில் உட்கார்ந்தேன் என்றால், வீட்டில் உலை கொதிக்க வேறு வழியில்லை என்பதால்தான்.

அப்பா தென்காசியில் தறி நெய்தவர். சந்தைக்குப் போன இடத்தில் பாரவண்டி இடுப்பில் ஏறிவிட்டது. அதன்பின் கால்கள் அசையவில்லை. அம்மா அடுத்த வீடுகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் பெண்கள் நூல் சுற்றலாம், அதற்குக் கஞ்சி போடலாம். நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில் மட்டும் இறங்கக் கூடாது.

குற்றாலத்தில் ஓர் அம்மாள் ஏழைப் பெண்களுக்கு நெசவு சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு நடந்தே போனேன். கொட்டகையில் புருஷன் செத்தவர்களும் இருந்தார்கள், புருஷன் இருந்தும் பட்டினி கிடந்தவர்களும் இருந்தார்கள். சாரல் காற்றின் ஈரத்தில் நூல் அவ்வளவாக அறாது. சீக்கிரமே கை பழகிவிட்டது. அங்கே தறிகள் தரைக்கு மேலே மரச்சட்டத்தில் நின்றன. நான் நெய்த துண்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள், "வீட்டில்தான் தறி இருக்கிறதே. நூல் கொண்டுபோய் நெய்து வா. சரியாக இருந்தால் தொடர்ந்து தருகிறேன்" என்றார்.

வீட்டில் தறியில் பாவு நூலைப் பூட்டி அப்பாவின் குழியில் காலை இறக்கினேன். அடியில் இருந்த மிதிக்கட்டை காலுக்கு எட்டவில்லை. அது அவர் கால் நீளத்துக்கு வெட்டிய குழி.

"மண்ணு போட்டு மேடாக்கணும்ப்பா."

"மேடாக்கிட்டா நான் எங்கன உக்காருவேன்?"

"ஆமா, நாளைக்கே எந்திரிச்சு நெய்யப் போறாரு!" என்றாள் அம்மா.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொல்லாமல் அந்தக் குழியில் மண் போட எனக்கும் மனம் வரவில்லை. பாதத்தில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்தேன். கட்டை வழுக்கி, நூல் இழை இழையாக அறுந்தது. இந்தத் துணியைக் கொண்டுபோனால் அடுத்த நூல் கிடைக்காது.

எதிர்வீட்டு நெசவாளர் வாசலில் நின்று சிரித்தார். "அண்ணாச்சி, ஒம்ம மவ நெய்யுதாளா, பொய்க்கால் கட்டி ஆடுதாளா?"

அப்பா கையை ஊன்றி நகர்ந்து குழியருகே வந்தார்.

"ஏட்டி, கட்டைய அவுத்துரு. காலை நீட்டு."

என் முழங்காலிலிருந்து குதிகால் வரை சாண் போட்டார். அதே அளவைக் குழியின் சுவரில் வைத்து நகத்தால் கோடு கிழித்தார்.

"இதுவரைக்கும் போடு. நனைச்சுப் போட்டு மிதி, இல்லைன்னா அமுங்கிரும்." பிறகு வாசலைப் பார்த்து, "வேடிக்கை பாக்க வந்தீரே, ஒரு கூடை மண்ணு அள்ளிட்டு வாரும்" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் சிரிப்பை விட்டுவிட்டு மண் கொண்டுவந்தார். மிதிக்கட்டையை உயர்த்திக் கட்ட இடம் சொன்னவர் அப்பா. அந்தப் பாவில் நெய்த துண்டுகளைக் குற்றாலத்து அம்மாள் விரித்துப் பார்த்து, அடுத்த நூலை எடுத்து நீட்டினார்.

அதன்பின் கடையம், ஆலங்குளம் என்று நான் கூலிக்கு நெய்யாத ஊரில்லை. எங்கும் ஆண்களுக்கு வெட்டிய குழிகள்தான். போன அன்றே மண்வெட்டி கேட்பேன். கிளம்பும்போது வீட்டுக்காரர்கள், "மண்ணை அள்ளிரட்டுமா?" என்பார்கள்.

"கிடக்கட்டும். உங்க வீட்டுப் பொம்பளையள உக்காரச் சொல்லுங்க" என்பேன்.