கேப்டனை அண்ணனாக்கிய கதை

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தியபோது நான் சென்னையில் ஒரு சினிமா விளம்பர நிறுவனத்தில் இருந்தேன். படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். எந்த ஊரில் யார், எந்த விளம்பரத்தை நின்று பார்க்கிறார்கள், எதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று கண்டு சொல்வது என் வேலை. அப்பாவை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மா தனியாக வெளியே போய்ப் பழகாதவள், ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவாள். நான் ஒரே பிள்ளை. எங்கள் ஊர் வேங்கிக்காலில், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டேன்.

மேலாளர் ஒரு படத்தைக் கையில் கொடுத்தார். வெளிநாட்டு விண்வெளிப் படம். ஒரு காலத்தில் பாகம் பாகமாக வந்து, ஓய்ந்து, பல வருஷம் கழித்து மறுபடி உயிர் கொடுத்திருந்தார்கள். புதிதாக மூன்று பாகங்கள், இது முதலாவது. பழைய ரசிகர்கள் தானாக வந்துவிடுவார்கள். மற்றவர்களை வரவைப்பதுதான் எங்கள் பாடு.

"உங்க மாவட்டத்துல குடும்பமா வந்தாங்கன்னா, மீதி ரெண்டு பாகத்தோட வேலையையும் அங்கிருந்தே பாருங்க. வரலன்னா ஆபீஸுக்கு வந்துடணும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நானும் சரி என்றேன்.

போஸ்டரில் எதையெல்லாம் மறைப்பது என்று முதலில் குறித்தேன். பழைய பாகங்களை நினைவூட்டும் அடையாளம். முன்கதை தெரியாதவர்கள் அதைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார்கள். கிரகங்களின் பெயர்கள். முகத்தை மூடும் ஹெல்மெட். விண்கலத்தின் உள்ளே தண்ணீர் உருண்டையாக மிதக்கும் காட்சி. கல்லூரி நாட்களில் அந்தப் பழைய படங்களை நான் தேடித் தேடிப் பார்த்ததே இவற்றுக்காகத்தான். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் இருட்டில் நிற்பது மட்டும் மிஞ்சியது.

டிரெய்லரைப் பொதுவான ஆட்களிடம் காட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ் வார்டுக்கே டேப்லெட்டை எடுத்துப் போனேன். ஊசி ஏறிய கையை அசைக்காமல் மணிக்கணக்கில் படுத்திருப்பவர்கள், எதைக் காட்டினாலும் பார்ப்பார்கள்.

"இந்தப் பொண்ணு யாரு?" என்று பக்கத்துப் படுக்கை டீக்கடைக்காரர் கேட்டார்.

"விஞ்ஞானிங்க."

"அந்தாளு?"

"கேப்டன். அந்தக் கப்பலை ஓட்றவரு."

"அது கெடக்கட்டும். அவளுக்கு இன்னா வேணும்? மாமனா, மச்சானா?"

எனக்கே தெரியாது. கதை வெளியே கசிந்துவிடும் என்று படக் கம்பெனி முழுப்படத்தை ரிலீஸ் வரை யாருக்கும் காட்டவில்லை; என் மேலாளருக்கும்கூட. எங்களிடம் இருந்தது டிரெய்லர் மட்டும்.

"சொந்தமெல்லாம் இல்லீங்க. கூட வேலை செய்றாரு."

எதிர்ப் படுக்கைப் பூக்கார அக்கா தலையைத் தூக்கினாள். "சொந்தமும் இல்லாம பந்தமும் இல்லாம, ஒத்த வண்டியில ரெண்டு பேரும் வானத்துக்குப் போறாங்களா? பெத்தவங்க ஒண்ணும் கேக்கலியா? நல்லா கதை வுடற போ!"

வார்டே சிரித்தது. "கைய ஆட்டாதீங்க, மிஷின் கத்துது பாருங்க" என்று சிஸ்டர் வந்து அதட்டினார்.

அப்பா சிரிக்கவில்லை, யோசித்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பக்கத்தில் யாரை உட்காரவைத்தால் சண்டை வராது என்று பார்த்தே காலம் தள்ளியவர்.

"பாப்பா, அவன அண்ணனாக்கிடு" என்றார். "அண்ணன்கூட போறான்னா எந்தப் பொம்பளையும் புள்ளைங்கள இட்டுக்கினு தைரியமா வருவா."

அன்று மாலையே அதை அலுவலகத்துக்கு எழுதினேன். மறுநாளே ஒத்துக்கொண்டார்கள். டிரெய்லரில் அந்தப் பெண் ஹெல்மெட்டுக்குள் கத்தும் இடத்தில் உதடு தெரியாது. 'அண்ணா, என்னை விட்டுட்டுப் போகாதே!' அங்கே அழகாகப் பொருந்தியது. கேபிள் டிவியில் அதுவே ஓடியது. பேருந்து நிலையத்திலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை போஸ்டர்: 'ஒரு அண்ணன். ஒரு தங்கை. நடுவில் ஆகாயம்.' பொங்கல் முடிந்த வாரம் ரிலீஸ். காணும் பொங்கலுக்குக் கூடப்பிறந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. முன்பதிவு நிரம்பிக்கொண்டே வந்தது. அப்பா வார்டில் எல்லோரிடமும், "ஐடியா நம்மளுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பகல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். எங்கும் குடும்பங்கள். அடி அண்ணாமலையிலிருந்து என் சின்னம்மாவும் மகனையும் மகளையும் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தாள். முழுப்படத்தின் தமிழ் வசனத்தை வேறு குழு எழுதியிருந்தது. அதில் அந்தப் பெண் அவனைக் கடைசி வரை 'கேப்டன்' என்றே கூப்பிட்டாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. தங்கை அண்ணனை அப்படியும் கூப்பிடுவாள்போல என்று இருந்துவிட்டார்கள்.

இடைவேளைக்குப் பிறகு கலம் உடைந்து காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. அவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவளும் கழற்றினாள். முத்தம் கொடுத்துக்கொண்டார்கள்.

 முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: "டேய், அண்ணன்டா அது!"

விசில், சிரிப்பு, கெட்ட வார்த்தை. பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். சின்னம்மா என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். "உன்ன நம்பி வயசுப் புள்ளைங்கள இட்டாந்தேன் பாரு" என்றாள். கூட வந்த அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

மாலைக்குள் அந்த டிரெய்லரையும் முத்தத்தையும் ஒட்டிய வீடியோ எல்லோர் போனிலும் இருந்தது. மறுநாள் காட்சிகளுக்கு ஆள் இல்லை. மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. "திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்துடுங்க" என்றார். எழுதியது நான், சொன்னது அப்பா, ஒத்துக்கொண்டது அலுவலகம், மறைத்தது படக் கம்பெனி. வரிசைப்படுத்திப் பார்த்தும் திங்கட்கிழமை மாறவில்லை.

சனிக்கிழமை வார்டுக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். டீக்கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா கண்டக்டரே, அண்ணனையே கட்டிக்கினாளாமே?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியே என்னிடம், "நான்தான் சொன்னேன்னு ஆபீஸ்ல சொன்னியா?" என்றார்.

"இல்லப்பா."

"சொல்லியிருக்கலாமில்ல. என்னை இன்னா, வேலைய வுட்டா தூக்கிடப் போறாங்க?"

"திங்கக்கிழமை போகணும்பா."

அவர் மிஷினில் சுற்றும் ரத்தக் குழாயைப் பார்த்தார். "இனிமே என்னை உங்கம்மா இட்டாருவா" என்றார். 

மிஷின் நின்றது. சிஸ்டர் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தார். வழக்கமாக நான் பிடிக்கிற இடம் அது. அம்மாவின் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். பஞ்சு சிவந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 

"கண்ணத் தொறந்து பாத்துப் புடிம்மா" என்றேன்.

"எவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா.

"ரத்தம் நிக்கிற வரைக்கும்."

அப்பா, "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றார்.