சுஷியும் சோறுதான்

சம்பந்தம் முடிவாகும்வரை எதிர்த்தரப்போடு உட்கார்ந்து சோறு சாப்பிடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம். சோற்றில் கை நனைத்தால் சம்மதித்துவிட்டோம் என்று அர்த்தம். என் கணவர் இதில் உடும்புப்பிடி.

மகள், மறைமலை நகர் கார் தொழிற்சாலையில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். வேறு சாதி. பல மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, "பார்த்துட்டு வரேன், அவ்ளோதான்" என்று கணவர் இறங்கி வந்தார். இரண்டு குடும்பமும் சந்திக்க, செம்பாக்கம் ஏரிப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன ஜப்பானிய சுஷி கடையை மகள் பிடித்தாள். விலை மலிவு என்பதால் யாரும் பந்தா காட்டியதாக ஆகாது. பழுப்பரிசியில் செய்வதால் அப்பாவின் சர்க்கரைக்கும் ஒத்துக்கொள்ளும். சுஷியை யாரும் சாப்பாட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பது அவள் போட்ட கணக்கு.

பையனும் அவன் அம்மா, அப்பாவும் வந்து சேர நேரமாகிவிட்டது. தட்டு வந்தது. வெள்ளரிக்காயும் கேரட்டும் நடுவில் வைத்து, கடல்பாசித் தாளில் சுருட்டி வெட்டிய துண்டுகள். கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"பிரவுன் ரைஸ்ப்பா. டிபன் மாதிரிதான்."

"ரைஸ்னா சோறுதானே" என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

பையன் வீட்டாருக்கும் வழக்கம் தெரியும். சாப்பிட எடுத்த குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். மகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியோ வேண்டாமோ, மனிதர் வாயைத் திறந்து பதில் சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்?

அப்போதுதான் அவர் நெற்றியைக் கவனித்தேன். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்வை. தண்ணீர் டம்ளரை எடுத்த கை நடுங்கியது. காதருகே குனிந்து கேட்டேன்.

"கிளம்பறப்போ இன்சுலின் போட்டீங்களா?"

"எப்பவும் போடறதுதானே."

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ஊசி; போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். சாப்பிடமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர், பழக்கதோஷத்தில் அதையும் குத்திக்கொண்டு வந்திருக்கிறார். இதற்கென்றே நான் வைத்திருக்கும் மிட்டாய், பட்டுப்புடவைக்காகக் கைப்பையை மாற்றியதில் வீட்டிலேயே தங்கிவிட்டது.

"சர்க்கரை போட்டு ஜூஸ் சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போலாம்."

சர்க்கரை இறங்க இறங்க அவருக்கு வீம்பு ஏறும். அஸ்தினாபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சாய்ந்துவிடுவார். போன மழைக்காலத்தில் சமையலறை வாசலில் அப்படித்தான் விழுந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சரி என்பதும் வேண்டாம் என்பதும் அவர் வாயிலிருந்துதான் வரும். இப்போதும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குச்சியைத் தொடாமல், கையாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

புளிப்பு. அரிசி லேசில் மசியவில்லை. கடல்பாசி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மென்று விழுங்கினேன்.

"நான் சாப்பிட்டுட்டேன். நம்ம பக்கம் சரின்னு ஆயிடுச்சு. இனிமே நீங்க பட்டினி கிடந்து என்ன ஆகப்போகுது? ஜூஸைக் குடிங்க" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி.

மகள் எழுந்து ஓடி எலுமிச்சை ஜூஸ் வாங்கி வந்தாள். பையனின் அம்மா அதில் இன்னும் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி அவர் கையில் பிடித்துக் கொடுத்தார். குடித்தார். கண்ணில் தெளிவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தட்டைத் தானே இழுத்து ஒரு துண்டை எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு அவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்கல."