நொட்டாங்கையும் நடுவர்களும்

நடுவர் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் போட்டால், நடுவர் வாயைத் திறப்பதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். எல்லாம் ஒரு காபி டம்ளரால் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வந்தார்கள். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை. அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பிறவியிலேயே இடது கைக்காரி. எங்கள் பக்கத்தில் நொட்டாங்கை என்பார்கள். அந்தக் கையை மாற்றுவதற்குச் செய்யாத கொடுமை இல்லை. பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் அடித்தார்கள். வீட்டில் சாப்பிடும்போது பாவாடை நாடாவால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் வலது கை பழகியது. மற்ற எதற்கும் இடது கைதான் முந்தும். அன்று விடிந்ததிலிருந்து அம்மா அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். "சோத்தாங்கையால குடுடி, மறந்துராத, சோத்தாங்கையால குடு." பயந்து போயிருந்தவளை அந்த ஓதலே பாதி கொன்றுவிட்டது.

அக்கா தட்டை வலது கையில் தாங்கிக்கொண்டு, முதல் டம்ளரை இடது கையால் எடுத்து மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் கை வரவில்லை. நீட்டிய டம்ளர் நீட்டியபடியே நின்றது. உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். "போயிட்டுத் தகவல் சொல்லி விடுறோம்" என்று எழுந்து போனார்கள். தகவல் வரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டோம். அக்கா என்ன கொலையா செய்தாள்? காபி கொடுத்தாள். அதுவும் நல்ல காபி.

பிறகு அவளுக்குப் பந்தல்குடியில் இடம் அமைந்தது. தூத்துக்குடி ரோட்டில் அத்தானுக்கு ஓட்டல். லாரிக்காரர்கள்தான் பெரும்பாலும் வந்து சாப்பிடுவார்கள். அத்தான் தங்கமான மனிதர், ஆனால் அவர் அம்மா வைத்ததுதான் சட்டம். அக்கா பின்கட்டில் சமைப்பாள். அம்மி, அரிவாள்மனை, கரண்டி எல்லாம் இடது கையில்தான். அதைப் பற்றி யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பந்தியில் வந்து பரிமாறக் கூடாது. சமைக்க ஆகிற கை பரிமாற ஆகாதாம். இந்த நியாயத்தை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் வீட்டில் சண்டை போட்டு மெட்ராஸுக்குப் போய் ஓவியம் படித்தேன். அதில் மரச்செதுக்கு அச்சு எனக்கு வாகாக வந்தது. பலகையில் படத்தைச் செதுக்கி, மையை உருட்டி, மேலே தாளை வைத்துத் தேய்த்து எடுப்பது. படிப்பு முடிந்து திருச்சுழியில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை கிடைத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வீட்டில் அச்சு இயந்திரமா இருக்கிறது? அப்பா கடைக்கு வரும் தேயிலைப் பெட்டியின் பலகைதான் என் பலகை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வாங்கியதுதான் மை. எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்துப் படத்தை எடுப்பேன். எங்கள் ஊர் வெயிலில் மை இளகி நுணுக்கமான கோடுகளை எல்லாம் அடைத்துவிடும். அதனால் விடியற்காலையில்தான் வேலை. வெயில் ஏறினால் பலகையைக் கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதுதான்.

அப்படிச் செதுக்கியதில் ஒன்றுதான் அந்தக் காபி டம்ளர். நீட்டிய கை, ஜமுக்காளத்தில் வரிசையாக ஆண்கள், வாங்க வராத ஒரு கை. பலகையில் செதுக்குவது தாளில் இடம் வலம் மாறி விழும். கல்லூரியில் முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. அதனால் டிரேசிங் தாளில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டு ஒட்டி, அதன்மேல் செதுக்கினேன். தாளில் எல்லாம் சரியாக விழுந்தது. அக்காவின் முந்தானை இடது தோளில். ஆண்களின் சட்டைப் பை இடது பக்கம். டம்ளரும் அவளுடைய இடது கையில்.

அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது அக்காவிடம் காட்டினேன். கோபித்துக்கொள்வாளோ என்று பயம். வெகு நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பெரியப்பன் மூஞ்சி அப்படியே இருக்குடி" என்று சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் மெட்ராஸில் நவீன அச்சுக்கலைக் கண்காட்சி அறிவித்தார்கள். நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுத்ததை மட்டும் மாட்டுவார்கள், அவற்றைப் புத்தகமாகவும் அச்சடிப்பார்கள். பத்துப் பிரதிக்கு மேல் எடுப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எடுத்து முடித்தபின் பலகையின் குறுக்கே கீறி அதை ஒழித்துவிட வேண்டும். இது இந்தக் கலையில் உள்ள வழக்கம். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பத்தில் எத்தனையாவது என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் எழுதிக் கொடுத்தேன். பத்தும் எடுத்தேன், ஒன்று கண்காட்சிக்காரர்களுக்கு, மற்றவை கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டன. பலகையைக் கீற மட்டும் கை வரவில்லை.

படம் தேர்வானதும் பந்தல்குடிக்குப் போய்ச் சொன்னேன். அப்போது அக்கா மகளுக்கு ஐந்து வயது. அவளும் இடது கை. அவளுடைய பாட்டி, அதாவது அக்காவின் மாமியார், பிள்ளையின் இடது கையை இடுப்போடு சேர்த்துச் சிவப்பு ரிப்பனால் கட்டிவிட்டிருந்தார். பிள்ளை ஒற்றைக் கையோடு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அவிழ்க்கப் போனேன். அக்கா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மெட்ராஸுல மாட்டுவாகள்ல? புஸ்தகத்துல போடுவாகள்ல?"

"போடுவாங்க."

"அந்தப் புஸ்தகத்த எனக்குக் கொண்டாந்து குடு. இந்தா பாருங்க அத்தே, படிச்சவுக எல்லாம் என் நொட்டாங்கையச் செவுத்துல மாட்டிப் பாக்குறாகன்னு காட்டணும். அதுக்கப்புறமும் என் பிள்ளை கையக் கட்டுறாகளான்னு பாக்குறேன்."

கண்காட்சி திறந்த அன்று நான் மெட்ராஸுக்குப் போயிருந்தேன். என் படத்துக்கு ஊக்கப் பரிசு. தலைமை நடுவர் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாக விளக்கிக்கொண்டு வந்தார். என் படத்தின் முன் நின்று புன்னகைத்தார்.

"செதுக்கல் நல்லா இருக்கு. ஆனா புதுசா செய்யறவங்க எல்லாரும் பண்ற தப்பு இதுல இருக்கு. திருப்பி வரையணுங்கறத மறந்துட்டாங்க. டம்ளர் இடது கைக்குப் போயிடுச்சு பாருங்க. பரவாயில்ல, கிராமத்துலேருந்து வந்த முயற்சிங்கறதால சேர்த்துக்கிட்டோம்."

விருந்தினர்கள் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். அந்தப் பரிவுக்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

"தப்பு இல்ல சார். அவங்க எங்க அக்கா. இடது கைக்காரங்க. படமே அதைப் பத்தினதுதான்" என்றேன்.

"எந்தப் பொண்ணும்மா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இடது கையால காபி குடுக்கும்?"

"அதனாலதான் சார் அவர் வாங்கல. சட்டைப் பையப் பாருங்க. முந்தானையப் பாருங்க. நான் மறந்திருந்தா அதுவும் மாறிப் போயிருக்கணும்ல?"

அவர் பார்க்கவில்லை. படத்தின் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை. "எல்லாரும் மொதல்ல இப்படித்தாம்மா சமாளிப்பாங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். வாழ்நாளெல்லாம் படம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். காரியாபட்டிப் பெரியப்பாவாவது அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

அன்றே படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். அக்காவுக்குப் புத்தகம் வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ரயிலேறினேன்.

கண்காட்சி முடிந்து சில வாரங்களில் புத்தகம் தபாலில் வந்தது. வழவழப்பான தாள். என் பக்கத்தைத் திறந்தேன். அக்கா வலது கையால் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் என் கண்ணையே நம்பவில்லை. படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த என் கையெழுத்தை வெட்டிவிட்டு, இடத்தை வலமாக்கி அச்சடித்திருந்தார்கள். முந்தானை வலது தோளுக்குப் போயிருந்தது. அத்தனை ஆண்களுக்கும் சட்டைப் பை வலது பக்கம். அப்படி ஒரு சட்டையைத் தைத்துக் கொடுத்தால் அருப்புக்கோட்டை டெய்லர் கடையில் அடிதடியே நடந்திருக்கும். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அவர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் ரொம்பப் பணிவாகப் பேசினான்.

"நடுவர் சார்தான் மேடம் நெகட்டிவைத் திருப்பிப் போடச் சொன்னாரு. புத்தகம் நாலு பேர் கைக்குப் போகும், அந்தப் பொண்ணோட தப்பு வெளிய தெரிய வேண்டாமேன்னு. உங்க நல்லதுக்குத்தான் மேடம்."

என் நல்லதுக்கு! பாவாடை நாடாவால் கட்டியவர்களும் அக்காவிடம் இதையேதான் சொன்னார்கள்.

புத்தகத்தை மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அக்கா தினம் கேட்டு ஆள் விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். நான் விஷயத்தைச் சொல்லுமுன் மாமியாரே புத்தகத்தை வாங்கிப் பிரித்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"எங்கடி நொட்டாங்கை? சோத்தாங்கையாலதான குடுக்குறா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. நான் மூச்சு விடாமல் சொன்னேன். நான் செதுக்கியது இடது கைதான், அவர்கள்தான் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றேன். மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப மெட்ராஸுக்காரவுகளும் பாத்துட்டுத் திருத்தித்தான போட்டிருக்காக? படிச்சவுக பாரு. இதத்தான நானும் சொல்லுதேன்."

ஒரு கிழவி ரிப்பனைக் கட்டினால் அறியாமை என்று சொல்லலாம். அந்த ரிப்பனுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்க மெட்ராஸில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது.

அக்கா அழவில்லை. புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள்.

"பலகை இருக்கா?"

"இருக்கு. ஆனா பத்துதான் எடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அவுக மட்டும் நீ குடுத்தபடி போட்டாகளா? போய் எடுத்துட்டு வா."

அடுத்த பஸ்ஸிலேயே அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பலகை, மை, உருளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். உச்சி வெயில். மை இளகும் நேரம். போனால் போகிறது என்று ஓட்டல் மேஜை ஒன்றின்மேல் பலகையை வைத்து மையை உருட்டி, மேலே தாளை வைத்தேன். கரண்டி கொண்டுவர மறந்துவிட்டேன். அக்கா சாம்பார்க் கரண்டியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள். "தள்ளு" என்று என்னை விலக்கிவிட்டு, அவளே தேய்த்தாள். இடது கையால், பந்திக்கு நடுவில், அத்தனை பேர் பார்க்க. அத்தான் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். மாமியார் அடுப்படி வாசலில் நின்றார். தாளைத் தூக்கினோம். நுணுக்கமான கோடுகள் சில அடைத்திருந்தன, ஆனால் கை சுத்தமாக விழுந்திருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஏக்கா, அந்தாளு காபிய வாங்குவானா மாட்டானா?"

"வாங்கல" என்றாள் அக்கா.

"கிறுக்குப்பய" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குச் சோற்றைப் பிசைந்தார்.

அவரை எந்த நடுவர் குழுவிலும் போட மாட்டார்கள். நான் பென்சிலை எடுத்து, தாளின் அடியில் 11/10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

மாட்டுவதற்கு ஆணி இருந்தது, கயிறு இல்லை. அத்தான் சணல் தேடி உள்ளே போனார். அக்கா அவருக்காகக் காத்திருக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, இடுப்பிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து எடுத்தாள்.