வண்டிக்கு வலி இருக்கா? மீனாட்சிபுரத்திலிருந்து வண்டிப்பெரியாருக்கு ஓர் ஆட்டோமேட்டிக் பிக்கப்பில்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, முந்தைய நாள் மாலை வண்டிக்கு அடியில் விரித்துவைத்த அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை அது. கியர் ஆயில் சிவப்பாக இருக்கும், ஒழுகினால் அட்டையில் தெரிந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. ஒரு பல்லி மட்டும் ஓடியது. ஒழுகவில்லை என்றால் பின் என்னதான் கோளாறு என்ற யோசனையோடுதான் பல் துலக்கப் போனேன்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. எங்கள் வீடு பொள்ளாச்சிக்கு அருகே, கேரள எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில். குமுளி தாண்டி மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் என் தங்கை கவிதா இரண்டு மாடு வைத்திருக்கிறாள். எங்களிடம் சும்மா கிடந்த புல் வெட்டும் மெஷினை அவளிடம் சேர்க்க வேண்டும். வீட்டில் சொன்ன காரணம் அது. சொல்லாத காரணம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தப் பிக்கப்பைப் பார்த்து விலை பேச ஒருவர் வருகிறார். அதற்குள் ஒரு முறையாவது மலை ஏறிவிட வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் மாடிப்படியில் விழுந்ததில் என் இடது கணுக்காலுக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதிக்க முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை. அதனால்தான் இதை வாங்கினோம். ஆனால் மூன்று வாரமாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரிந்து கியர் மூன்றில் நின்றுவிடுகிறது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கோவையில் காட்டியதற்கு, கியர்பாக்ஸையே மாற்ற வேண்டி வரலாம் என்றார்கள்.

என் கணவர் கதிர்வேல் அன்றே விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். "எதுக்கு அம்மணி இத்தன ரோதன? எங்க போகோணும்னாலும் சொல்லு, நாங் கூட்டீட்டுப் போறேன்" என்றார். கூட்டிப் போவார், அதில் சந்தேகமில்லை. அவருக்கு நேரம் இருக்கும்போது கூட்டிப் போவார்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி, பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி, கம்பம், குமுளி வழியாக ஏறத்தாழ இருநூற்று எழுபது கிலோமீட்டர். மூணாறு வழி அழகுதான், ஆனால் சந்தேகத்துக்குரிய கியரோடு அத்தனை வளைவுகள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சமவெளியில் வண்டி சமர்த்தாக ஓடியது. ஒட்டன்சத்திரத்தில் இரண்டு தோசை சாப்பிட்டு, மெஷின் கட்டிய கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். தேனி தாண்டியதும் மழை பிடித்தது. சாலை ஓரமெல்லாம் திராட்சைப் பந்தல். வேகத்தைக் குறைத்து ஓட்டினேன்.

லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், மூன்றாவது வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கியர் மூன்று. வண்டி முனகியது. நடந்து போகிறவர் என்னை முந்திவிடலாம் என்ற வேகம். ஓரமாக அகலம் கிடைத்த இடத்தில் நிறுத்தி அணைத்தேன். பின்னால் வந்த ஜீப்பும் நின்றது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"என்னக்கா, கிளட்ச் போச்சா?"

"கிளட்சே இல்லைங்க, ஆட்டோமேட்டிக். கியரு மூணுலயே நின்னுக்குச்சு."

"கியரே போட வேணாங்குற வண்டியில கியர் மாட்டிக்கிருச்சாக்கும்" என்று சிரித்தார். "கயித்தக் கட்டி இழுத்துருவமா? மேல குமுளிதான்."

"வேண்டாங்க. பின்சக்கரம் தரையில உருள உருள இழுத்தா உள்ள நல்லா இருக்கறதும் கெட்டுப் போயிருமுங்க. பத்து நிமிசம் உட்டா அதுவே வந்துரும்."

"அப்ப கோவிச்சுக்கிட்டு நிக்கிதுன்னு சொல்லுங்க."

பத்து நிமிடம் கழித்து வண்டி உயிர் பெற்றது. லீவரைப் பக்கவாட்டில் தள்ளி, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மாற்றி, இரண்டிலேயே வைத்து மெல்ல ஏறினேன். அந்த ஜீப் குமுளி வரை என்னை முந்தாமல் பின்னாலேயே வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து வண்டிப்பெரியார் பதின்மூன்று கிலோமீட்டர்தான். போய்ச் சேர மதியம் இரண்டு மணி. கவிதா மெஷினைப் பார்ப்பதற்கு முன் என் காலைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை, பக்கத்து எஸ்டேட் வண்டிகளைப் பார்க்கும் செல்வராஜ் என்ற மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தாள். வண்டியை வாசலிலிருந்து மேடான இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, நான் வழக்கம்போல் ஒரு பக்கமாகத் திரும்பி, வலது காலை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"வலி எப்பிடிக்கா இருக்கு?"

"சாதாரணமா ஒண்ணும் இல்லைங்க. மழ, குளிருன்னா புடிச்சுக்குது."

"காஞ்ச நாள்ல?"

"நல்லாத்தானுங்க இருக்கும். மழ பேஞ்சா ஏத்தத்துல ரொம்பச் சிரமம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். என் காலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே மிச்சத்தையும் சொன்னேன்.

"ராத்திரி தைலம் போட்டா காலைல சரியாயிருதுங்க."

அடியில் சத்தம் நின்றது. "தைலமா? எந்த ஆயிலு? எங்க ஊத்துனீய?"

"ஊத்தறதில்லைங்க. கணுக்கால்ல தேய்க்கிறது."

ஸ்பேனர் ஒன்று சாக்கில் விழுந்தது. பிறகு, "யக்கா, நான் வண்டிக்கு வலி இருக்கான்னுல்லா கேட்டேன்" என்றது குரல். கவிதா சிரிப்புத் தாங்காமல் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: மலையாளத்தில் வலி என்றால் இழுவை. "வண்டிக்கு வலியில்லை" என்றால் மேட்டில் இழுக்கவில்லை என்று பொருள். எங்கள் ஊரிலும் இரண்டு பொருளிலும் சொல்வோம். ஒரு பொருள் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. இரண்டும் தெரிந்த நாங்கள் இருவரும்தான் இப்படி மாட்டிக்கொள்ள முடியும்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. மழையில் மட்டும் வலி இல்லை என்று நான் வண்டியைத்தான் சொன்னேன் என நம்பி, அவர் ஈரம் புகும் இடத்தைத் தேடிப் போயிருந்தார். கியர்பாக்ஸுக்குள் போகும் ஒயர்களின் பிளக்கைக் கழற்றியபோது உள்ளே தண்ணீர். ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"மழைன்னு நீங்க சொல்லலேன்னா இதுல கை வச்சிருக்கவே மாட்டேன்" என்றார். "ஆட்டோமேட்டிக்குப் பெட்டிய நான் தொட்டதே இல்ல பாத்துக்கிடுங்க. ஆயில் மட்டும் பாத்துட்டு, லாரியில ஏத்தி கோட்டயம் கொண்டு போங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

யோசித்துப் பார்த்தால், என் காலைப் பற்றிச் சொன்ன பதில் வண்டிக்கும் பொருந்தியது. மூன்று வாரத்துக்கு முன் அடிப்பாகத்தில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவ விட்டிருந்தேன். அதன்பின் மழை நாட்களில்தான் தொல்லை. நின்ற இடங்களை எல்லாம் நினைவில் வைத்திருந்த எனக்கு, ஒவ்வொரு முறையும் வானம் எப்படி இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

காற்று அடித்துக் காயவைத்து, ஊசிகளைத் துடைத்து, கிழிந்திருந்த ரப்பர் வளையத்துக்குப் பதில் வேறொன்று போட்டார். இது தற்காலிகம்தான், ஊருக்குப் போய்ச் சரியான வளையம் வாங்கிப் போடுங்கள் என்றும் சொன்னார். மதியம் சாரலிலேயே பீர்மேடு வரை ஏறிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள் மாறுவதைக் கவிதா சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். மஞ்சள் விளக்கு எரியவில்லை.

கதிர்வேலுக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்தான். "நல்லதாப் போச்சு. ஓடற வண்டின்னா இன்னுங் கொஞ்சம் சேத்திக் கேக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தேன், ஒரு தொல்லையும் இல்லை. இதே வழியில் ஆட்டோமேட்டிக்கில் போகிறவர்கள், குமுளியிலிருந்து இறங்கும்போது லீவரை டி-யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாம் கியரில் பிடித்து இறங்குங்கள். ஏதாவது ஒரு கியரில் மாட்டிக்கொண்டால் பதறாமல் ஓரம் கட்டி அணைத்துவிட்டுக் காத்திருங்கள். கயிறு கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். அடிப்பாகத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை நான் நிறுத்திவிட்டேன். கோளாறு என்ன என்று சொல்வதோடு, அது எப்போதெல்லாம் வருகிறது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். யாருடைய வலி என்று முதலில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

இதைச் சனிக்கிழமை மாலை எழுதுகிறேன். கதிர்வேல் வாசலில் நின்று, நாளை வருபவருக்காக வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். வண்டி என் பெயரில் இருக்கிறது. இரண்டு சாவியும் இப்போது என் கைப்பையில் இருக்கின்றன. நாளை காலை ஆறு மணிக்கு, நெம்மாறை வழியாக நெல்லியாம்பதிக்கு ஏறப் போகிறேன். வருபவருக்கு வழியில் நிறுத்திப் போன் செய்து, வீண் அலைச்சல் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கதிர்வேல் என் பதிவுகளைத் தவறாமல் படிப்பார். அதனால் இது நாளை காலை ஏழு மணிக்குத் தானாக வெளியாகும்படி வைத்திருக்கிறேன்.