ஊதுபத்தியால் வரைந்த வெயில்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு ஜூலை மாதக் காலையில் எங்கள் தீவின் பிளேன் மாக்னியன் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தது? இதற்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வேறு யாராலும் முடியாது. அதற்குக் காரணமும் நானே.

அப்பா அப்போது விமான நிலையத்தை ஒட்டிய வானிலைக் கூடத்தில் உதவியாளர். அங்கே ஒரு கண்ணாடி உருண்டை உண்டு. வெயில் அதன் வழியாகக் குவிந்து, பின்னால் செருகிய, மணிகள் அச்சிட்ட நீல அட்டையில் பழுப்புக் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். வெயில் இல்லாத நேரத்தில் கோடும் இருக்காது. சூரியன் மறைந்ததும் அப்பா அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, தேதி எழுதி, மறுநாள் மேலதிகாரியிடம் கொடுப்பார்.

அந்த மாதம் தென்கிழக்குக் காற்று ஓயவே இல்லை. மேகமில்லாத காலைகளிலும் கோடு நேரங்கழித்தே தொடங்கியது, அதுவும் மங்கலாக. அப்பா உருண்டையைத் துடைப்பதில்லை என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா, கரும்பு வெட்டப் போன்னு சொல்லிட்டார்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மேசைமேல் இருந்த அன்றைய அட்டையிலும் கோடு அப்படித்தான் வந்திருந்தது.

அம்மா சாமிக்கு ஏற்றிவைத்த ஊதுபத்தியை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அட்டையின் ஓரத்திலிருந்தே அழகாகச் சுட்டு நிரப்பினேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. அப்பாவோடு நானும் போனேன். அட்டையைப் பார்த்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜூலைக் குளிர்கால இருட்டுல, ஆறரைக்கு மேல வர்ற சூரியன் அஞ்சு மணிக்கே டூட்டிக்கு வந்துட்டானா?"

அப்பா அட்டையை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆயோ, மகளே!" என்றவர், அதிகாரியிடம் திரும்பினார். "மிசியே, இது என் மக செஞ்ச வேலை. ஆனா உருண்டையை நான் தினமும் துடைக்கிறேன். நீங்களே வந்து பாருங்க."

வந்தார். அவர் கண்ணெதிரே அப்பா துடைத்தார். ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி உருண்டையைத் தடவி, விரலை நாக்கில் வைத்தார். உப்பு! பிறகு வானத்தைக் காட்டினார். மேகமே இல்லை, ஆனாலும் நீலம் வெளுத்துக் கிடந்தது. காற்று கடலிலிருந்து கிளப்பும் உப்புத்தூள் மேலேயே மிதந்து, வெயிலில் ஒரு பங்கைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறதாம். இனி மணிக்கொரு தடவை துடைக்கச் சொன்னார். அப்பாவின் வேலை தப்பியது.

"இனிமே ஊதுபத்தியைப் பூட்டி வை. இவ சூரியனையே ஏமாத்துவா," என்று அப்பா சாயங்காலம் அம்மாவிடம் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சிவப்பு மையில் 'பயன்படாது' என்று எழுதிய அந்த அட்டையை அதிகாரி ஏன் அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தார் என்பதுதான் புரியவில்லை. நான் சுட்டு மறைத்த அந்த மங்கல் கோடுதான் அன்றைய காலையின் உண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

இப்போது என் கைக்குழந்தையின் காய்ச்சலை நோட்டில் குறித்து வைக்கிறேன். போன வாரம், நான் கவலைப்படக் கூடாதென்று, என் ஏழு வயது மகள் மூன்று நாள் எண்களையும் அழித்து, வரிசையாகத் தொண்ணூற்றெட்டு என்று எழுதிவிட்டாள். குழந்தை இப்போது நலம். அந்த மூன்று நாளும் காய்ச்சல் எவ்வளவு என்று டாக்டர் கேட்டபோது, அழித்தெழுதிய நோட்டைத்தான் காட்ட முடிந்தது. மகளைக் கண்டிக்க வாயெடுத்தால் ஊதுபத்தி மணக்கிறது. சிரித்துவிட்டால், அடுத்த முறையும் அழிப்பாளோ என்று பயம். நீங்களாக இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.